எங்கள் பின்னறை என்ற வெளிநாடு

எங்கள் வீட்டுப் பின்னறைக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்னறை, சமையலறை, கொல்லை, கொல்லை மூலையில் இருக்கும் கழிப்பறை எல்லாம் தாய்நாடு. கூடம் முடிகிற இடத்தில் ஒரு பழைய மர நிலைப்படி இருக்கிறது. அதைத் தாண்டினால் வெளிநாடு. முன்பு அங்கே கோழித் தீவன மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். அப்போதெல்லாம் அது எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. கோழிகளும் கேட்கவில்லை.

என் பெயர் நெரெய்தா. புவெர்த்தோ கண்டெலாவில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில், எங்கள் வாசலில் நிற்கும் வாதுமை மரத்தடியில் மீன் பொரித்து விற்கிறேன். வாய் நீளம் என்று ஊரில் எனக்குப் பெயர். இந்தக் கதையில் அந்த வாயால் ஒரு பிரயோசனமும் ஏற்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூட்டைகளை அகற்றிவிட்டு அறையை வாடகைக்கு விட்டபோது வந்தவன் தார்மோ. எஸ்தோனியாக்காரன். வெயில் பட்டால் இறால் மாதிரி சிவந்துவிடுவான். அவன் பிழைப்பு என்னவென்று கேட்டபோது தெருவே சிரித்தது. அவன் ஊரில் பனி கொட்டினால் தெருத்தெருவாக அள்ளுவதற்கு வண்டிகள் கிளம்புமாம். எந்த வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று எங்கள் பின்னறையில் அரைக்கால் சட்டையோடு விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணினியில் சொல்வது அவன் வேலை. சவ ஊர்வலம் போக வேண்டிய தெரு, பிரசவ வலி கண்டவள் இருக்கும் தெரு, இவற்றை முதலில் சுத்தம் செய்யச் சொல்வான். "அவசரம் உள்ளவர்களுக்கு வழி ஏற்படுத்துதல் எனது கடமை" என்பான். எங்கள் மொழியைக் கைபேசியில் பாடம் படித்துக் கற்றவன். அவன் வாயைத் திறந்தால் வானொலியில் அரசாங்க அறிவிப்பு வாசிக்கிறார்களோ என்று தோன்றும்.

என் தங்கை லுஸ்தாரி முதலில் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவனோடு சிரித்தாள். அதற்கப்புறம் வயிறு பெரிதாயிற்று.

சுற்றுலாப் பயணி என்று குத்திக் கொடுத்த முத்திரையின் காலம் முடியப் போகிறது என்ற நிலையில்தான் தார்மோ என்னிடம் வந்தான். அவனுடைய பிறப்புத் தாளில் தந்தை என்ற இடம் காலியாக இருக்குமாம். அந்தக் காலி இடத்தைப் பள்ளிக்கூடத்தில், பட்டாளத்தில், வங்கியில் என்று ஒவ்வொரு இடத்திலும் யாராவது விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். "எனது பிள்ளையின் தாளில் எனது பெயர் இருக்க வேண்டும், நெரெய்தா. பிள்ளை இருக்கும் வீட்டில் நானும் இருக்க வேண்டும். இவ்விரண்டு மட்டுமே எனது கோரிக்கை" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது.

பெரிய கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் முழுக்க விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள். கடற்கரை மணலில் ஒரு பொன்னிறக் கூந்தல்காரி மடியில் கணினியோடு சிரிக்கிறாள். கீழே, 'தொலைப்பணியாளர்களே! வாருங்கள், தங்குங்கள், உங்கள் வேலையை இங்கிருந்து செய்யுங்கள்!' என்று எழுதியிருந்தது. அப்படி வருபவர்களுக்கு விசா கொடுப்பது தொலைப்பணியாளர் வரவேற்புத் துறை. அங்கேதான் போனோம்.

துறையின் தலைவர் டாக்டர் அஸ்த்ரூபால். வைத்தியம் படித்தவர் இல்லை. எங்கள் ஊரில் மேசைக்குப் பின்னால் விசிறிக் காற்றில் உட்கார்ந்திருப்பவர் யாரானாலும் டாக்டர்தான்.

"எங்க வேலை செய்றீங்க?" என்று தார்மோவைக் கேட்டார்.

"எஸ்தோனியாவிலுள்ள ஒரு நகராட்சிக்காக, ஐயா."

"யாருக்காகன்னு கேக்கல. எங்கன்னு கேட்டேன்."

"நெரெய்தா அவர்களின் பின்னறையில்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பின்னறை நம்ம மண்ணுலயா இருக்கு?"

"சிமெண்டுத் தரை, டாக்டர்" என்றேன் நான்.

"சிமெண்டுக்கு அடியில?"

"மண்ணுதான்."

"அப்ப முடியாது. இந்த விசா வாங்கறவங்க நம்ம மண்ணுல எந்த வேலையும் செய்யக் கூடாது. சட்டம். நம்ம ஆளுங்க பொழப்பைப் பாதுகாக்கத்தான்."

தார்மோ குழம்பிப் போனான். "வேலை செய்பவர்களுக்கான விசா அல்லவா, ஐயா, இது?"

"சந்தேகமே இல்ல. வேலை இல்லாதவன் வந்தா வாசலோட திருப்பி அனுப்பிருவோம். வேலை இருக்கணும். அதை இங்க செய்யக் கூடாது. அவ்வளவுதான்."

"பலகையில இங்கிருந்து செய்யுங்கன்னு போட்டிருக்கே டாக்டர்?" என்றேன்.

"பலகை சுற்றுலாத் துறையோடது. சட்டம் எங்களோடது. நாங்க ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடறதில்ல." பிறகு அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. "இவரால நம்ம ஊர்ல பனி அள்ளற தொழிலாளி யாருக்கும் பாதிப்பு இல்லன்னு அவங்க சங்கத்துலேருந்து ஒரு கடிதமும் வேணும்."

"டாக்டர், நம்ம ஊர்ல பனியே பெய்யாதே!"

"அதனாலதாம்மா சொல்றேன். பொறந்ததிலேருந்து ஒரு நாள் வேலைகூடக் கிடைக்காதவன் அவன். அப்படிப்பட்டவன் வயித்துல வெளியாள் வந்து அடிக்கலாமா?"

அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சங்கம் இல்லையென்றால் தொடங்குங்கள் என்றார்கள். வாதுமை மரத்தடி டோமினோ மேசையில் பனி அள்ளும் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினோம். நான் தலைவி. கழுதை வண்டி ஓட்டும் ஃபெர்மின் செயலாளர். சங்கத்துக்கு ரப்பர் முத்திரை கைக்கு வந்த அன்றே ஃபெர்மினின் நடை மாறிவிட்டது. கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், "யோசிக்கணும்க்கா" என்றான். "உறுப்பினர் நலன்னு ஒண்ணு இருக்கு. வெளியாளுக்கு வழிவிட்டுட்டு நாளைக்கே பனி கொட்டினா எங்க பையங்க எங்க போவாங்க?"

"டேய், உனக்குப் பனின்னா என்னன்னு தெரியுமாடா?"

"தெரியாததுனாலதான் ஜாக்கிரதையா இருக்கோம்."

இனிமேல் என் கடையில் மீன் தலை கிடையாது என்றேன். கையெழுத்துப் போட்டான். ஆனால் 'எதிர்ப்பைப் பதிவு செய்தபடி' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டான்.

மண் விவகாரத்துக்கு டாக்டர் அஸ்த்ரூபாலே வழி கண்டுபிடித்தார். ஆளை வெளியே அனுப்ப முடியாவிட்டால் அறையை வெளியே அனுப்பிவிடலாம் என்று தலைநகரத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார். நிலைப்படிக்கு அப்பால் வெளிநாடு என்று அரசிதழில் வந்தது. எந்த வெளிநாடு என்று மட்டும் அதில் போடவில்லை. அது அந்த நாட்டின் உள்விவகாரம் என்று விட்டுவிட்டார்கள்.

திறப்பு விழா எங்கள் கூடத்தில் நடந்தது. நகராட்சி வாத்தியக் குழு இடமில்லாமல் சமையலறையில் நின்று வாசித்தது. டிரம்மின் அதிர்வில் என் சட்டி இரண்டு கீழே விழுந்து உடைந்தது. நிலைப்படிக்குக் குறுக்கே கட்டிய நாடாவுக்கு முன் நின்று டாக்டர் பேசினார்.

"குடிமக்களே! உலகில் எத்தனையோ நாடுகள் போரிட்டு எல்லையை விரித்திருக்கின்றன. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் எல்லையைச் சுருக்கிய நாடு நம் நாடு ஒன்றே! இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து ஒரு தொலைப்பணியாளர்கூட விசா விதியை மீறியதில்லை. ஏன்? ஒருவருக்கும் நாம் விசா கொடுத்ததில்லை. அந்தத் தூய வரலாற்றை இன்று ஒரு மனிதருக்காகப் பணயம் வைக்கிறோம். இதைவிடப் பெரிய வரவேற்பு என்ன இருக்க முடியும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். தார்மோதான் அதிகமாகத் தட்டினான், பாவம். விசா கிடைத்தது. ஒரே நிபந்தனை: முத்திரை இல்லாமல் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. ஒரு தடவை தாண்டினால் நாடு கடத்தல். இரண்டாவது தடவை தாண்டினால் விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் இந்தக் கண்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான்.

முத்திரை குத்த எலியேசர் வந்தார். பாதி ஆயுளைக் காட்டாற்று எல்லையில் கொசுவுக்குக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும் வயதில் வீங்கிய காலோடு வந்தவர். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டார். "இப்படி ஒரு எல்லை எனக்கு முன்னாடியே கெடைச்சிருக்கக் கூடாதா அக்கா? காத்து வருது, காப்பி வருது" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களை வைத்துத்தான் இந்த மாதிரி வேலைகளை நடத்துகிறார்கள்.

தினமும் காலையில் தார்மோ மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்பான். வரிசையில் அவன் ஒருவன்தான்.

"எங்க போறீங்க?"

"வேலைக்கு."

"எவ்வளவு நாள் தங்கறதா உத்தேசம்?"

"மாலை வரை."

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க." டப்பென்று முத்திரை விழும்.

நடுவில் கழிப்பறைக்கு வர வேண்டுமென்றால் நாட்டுக்குள் வர வேண்டும். அதற்கு ஒரு முத்திரை, திரும்பிப் போக ஒரு முத்திரை. ஒரு நாள் எலியேசர் தெருக்கோடிக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார். தார்மோ காலைப் பின்னிக்கொண்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். "யாரு பாக்கறா? ஓடு!" என்றேன். "அதிகாரி இல்லை, நெரெய்தா" என்றான். எலியேசர் வரும்வரை நின்றான். அவன் ஊரில் அப்படித்தான் வளர்ப்பார்கள் போலிருக்கிறது. சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் எங்கோ ஒரு நியாயம் இருக்கும் என்று நம்புகிற ஜனங்கள்.

மதியம் லுஸ்தாரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாழைக்காய் போட்ட மீன் சூப்போடு வருவாள். அது ஏற்றுமதி.

"உயிருள்ள பொருள் ஏதாவது இருக்காம்மா?" என்று எலியேசர் கேட்க வேண்டும்.

"உயிரோட இருந்தா கிண்ணத்துலயா கெடக்கும்?" என்பாள் அவள்.

சோதனைக்கு ஒரு கரண்டி எடுத்துக் குடிப்பார். வர வர ஒரு கரண்டி ஒரு கிண்ணமாகி, ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் எலியேசர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். கம்பி போட்ட ஜன்னல் வழியாக வருகிற கொசுவுக்கு மட்டும் இரண்டு நாட்டிலும் தடை கிடையாது.

பிறகு துறையிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. விசா வைத்திருப்பவர் வருடத்தில் பாதிக்கு மேல் நாட்டுக்குள் தங்க வேண்டுமாம். தார்மோ பெரும்பாலான பொழுதை வெளிநாட்டில் கழிப்பது வருத்தமளிக்கிறதாம். எங்கள் நாட்டின் மேல் பற்றுக் குறைவோ என்று சந்தேகமாம். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்து, நாட்டுக்குள் இருந்தான். அப்படி இருக்கும்போது லுஸ்தாரியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பான். "உதைக்கிறது. முத்திரை குத்துவது போல் உதைக்கிறது" என்று சிரிப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எங்கள் வீட்டில் நன்றாக இருந்த நாட்கள்.

திருவிழா வந்தது. எங்கள் ஊரில் திருவிழா என்றால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலை வரை அரசாங்கமே முகமூடி போட்டுக்கொண்டு ஆடப் போய்விடும். எலியேசரும் எருது முகமூடியைத் துடைத்து எடுத்துக்கொண்டார். நாற்காலியை நிலைப்படிக்குக் குறுக்கே வைத்து 'எல்லை மூடப்பட்டது' என்று அட்டை தொங்கவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து எஸ்தோனியாவில் பெரும் பனிப்புயல் என்று தகவல். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தார்மோ சனிக்கிழமையே, எலியேசர் கிளம்பும் முன், முறைப்படி முத்திரை வாங்கி, ரொட்டி, தண்ணீர், ஒரு வாளி எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பனிக்கு எங்கள் விடுமுறை தெரியாது.

பிள்ளைக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பட்டப்பகலில், தெருவில் முரசு காதைக் கிழிக்கும்போது, சமையலறையில் லுஸ்தாரி மேசையைப் பிடித்துக்கொண்டு "அக்கா!" என்றாள். தரையெல்லாம் தண்ணீர்.

தார்மோ நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றான். முகம் வெளுத்துவிட்டது. துறையின் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டான். பாட்டு கேட்டது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், திருவிழா வாழ்த்துகள்' என்று ஒரு பெண் சொன்னாள். மறுபடி பாட்டு.

"அங்கயே நிக்கப் போறியா?" என்று கத்தினாள் லுஸ்தாரி.

"எல்லை மூடப்பட்டிருக்கிறது, லுஸ்தாரி."

"இங்க எனக்குத் தெறந்துகிச்சுடா, மடையா!"

அவன் நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நாற்காலியை மெதுவாக ஒதுக்கி, தாண்டி இந்தப் பக்கம் வந்து, திரும்ப அதை இருந்த இடத்திலேயே நேராக வைத்தான். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தெருவில் வண்டி போக வழியில்லை. ஃபெர்மினின் கழுதை வண்டிதான் கிடைத்தது. லுஸ்தாரியை அதில் படுக்க வைத்தோம். தார்மோ வண்டிக்கு முன்னால் போய் நின்று கையை விரித்து, அந்த வானொலிக் குரலில் முழங்க ஆரம்பித்தான். "பொதுமக்களின் கவனத்திற்கு! பிரசவ வழி! அனைவரும் வலப்பக்கம் ஒதுங்கவும்!" ஜனங்கள் சிரித்தார்கள். திருவிழா வழக்கப்படி மாவை அள்ளி அவன் மேல் வீசினார்கள். தலை, புருவம், தோள் எல்லாம் வெள்ளை. ஆனால் ஒதுங்கினார்கள். முரசு நின்றது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மேட்டில் கழுதை மறுத்து நின்றபோது எருது முகமூடி போட்ட ஒரு ஆள் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்.

"எலியேசர்!" என்றேன்.

"நான் யாரையும் பாக்கல" என்றது முகமூடி, மூச்சு வாங்க. "மாட்டுக்கு என்னக்கா தெரியும்?"

பெண் குழந்தை. லூமி என்று பெயர் வைத்தான். அவர்கள் மொழியில் பனி. பிறப்பைப் பதிகிற எழுத்தர் திருவிழாவிலும் ஆஸ்பத்திரியில் முறைவேலையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். மாவு உதிர உதிரக் குனிந்து, தந்தை என்ற இடத்தில் தார்மோ கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றுகொண்டே இருந்தான். எழுத்தர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் எவன் வந்து என்ன செய்துவிட முடியும் என்று நான் லுஸ்தாரியிடம் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

புதன்கிழமை எலியேசர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். கூடத்தில் தார்மோ பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தான். எலியேசர் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, நான் மாடாவே இருந்துருப்பேன். பேப்பர்ல படம் வந்துருச்சு."

வந்திருந்தது. முதல் பக்கத்திலேயே, மாவு படிந்த தார்மோ கையை விரித்து நிற்க, பின்னால் கழுதை. டாக்டர் அஸ்த்ரூபால் அதை வெட்டி இரண்டு பிரதி எடுத்திருந்தார். ஒன்று புதிய விளம்பரப் பலகைக்கு. 'எங்கள் மகிழ்ச்சியான தொலைப்பணியாளர்' என்று. இன்னொன்று விசாரணைக் கோப்புக்கு.

"மனுஷனா நான் அழறேன்" என்றார் விசாரணையில். உண்மையிலேயே கண்ணைத் துடைத்தார். "எனக்கும் மூணு பொண்ணு. ஆனா இந்த நாற்காலியில உக்காந்திருக்கிறது மனுஷன் இல்ல, துறை. துறைக்குப் பிரசவம் தெரியாது. சனிக்கிழமை நாட்டை விட்டுப் போன சீல் இருக்கு, திரும்பி வந்த சீல் இல்ல. அப்ப இவர் திருட்டுத்தனமா உள்ள வந்தவர். எந்த நாட்டுலேருந்து வந்தாரோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பணும்."

"எஸ்தோனியாவுக்கா?" என்றாள் லுஸ்தாரி.

"அங்கேருந்தா தாண்டி வந்தார்? உங்க பின்னறைக்கும்மா."

ஒரு நிமிடம் எங்களுக்கு உயிர் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன்.

நாடு கடத்த ஒரு ஜீப்பும் ஆறு காவலர்களும் வந்தார்கள். துறை வாசலிலிருந்து எங்கள் கூடம் வரை கூட்டி வந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் விட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பல வருடங்களுக்கு அவன் நாட்டுக்குள் வரக் கூடாது. அறையின் பின்மூலையைத் தடுத்து ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். அயல்நாட்டுக்குக் கட்டுமான உதவி என்று துறை எங்களைப் பாராட்டிக் கடிதம் எழுதியது. விமான நிலையத்துக்குப் போக வேண்டுமானால் கூடத்தைக் கடக்க வேண்டும். கூடம் எங்கள் நாடு. ஆகையால் அவனால் அங்கிருந்து எங்கேயும் போகவும் முடியாது. லுஸ்தாரி புது பாஸ்போர்ட் எடுத்து, சாயங்காலம் முத்திரை வாங்கி, தன் புருஷனைப் பார்க்க வெளிநாடு போய் வந்தாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை போனபோது எலியேசர் எழுந்து நின்றுவிட்டார்.

"கொழந்தையக் கூட்டிட்டுப் போக முடியாதும்மா. மைனர் நாட்டை விட்டு வெளிய போகணும்னா அப்பாவோட எழுத்து மூலமான சம்மதம் வேணும்."

"அப்பா இதோ நிக்கிறாரே!"

"நான் சம்மதிக்கிறேன்" என்றான் தார்மோ அந்தப் பக்கத்திலிருந்து.

"வாயால சொன்னாச் செல்லாது தம்பி. உள்நாட்டுல நோட்டரி முன்னால போடணும். உள்ள வர உங்களுக்குத் தடை. வெளிநாட்டுல இருந்தா நம்ம தூதரகத்துல போடணும்."

பின்னறையில் எங்கள் நாட்டுத் தூதரகம் இல்லை. தார்மோ கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை இலவசமாகத் தருவதாக எழுதினான். அந்த நாடு நம் நாட்டை அங்கீகரித்திருக்கிறதா என்று தலைநகரத்திலிருந்து கேட்டார்கள். நான் அங்கீகரிக்கிறேன் என்று எழுதினான். அங்கீகரிக்க நீங்கள் யார், அங்கேயும் நீங்கள் வெளிநாட்டவர்தானே என்று பதில் வந்தது.

லுஸ்தாரி துறைக்கே போய்க் கத்தினாள். டாக்டர் அஸ்த்ரூபால் பொறுமையாகக் கேட்டார். "தந்தைன்னு இருக்கிற எடம் காலியா இருந்திருந்தா அம்மா சம்மதம் மட்டும் போதும்மா. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம். அவரு கையெழுத்துப் போட்டுட்டாரே!"

அவள் அதை வீட்டில் வந்து சொல்லக் கேட்டான் தார்மோ. கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எந்தத் தெருவுக்கோ வண்டி அனுப்பிக்கொண்டிருந்தான்.

லூமி தவழ ஆரம்பித்தாள். நேராக நிலைப்படிக்குத்தான் போவாள். அந்தப் பக்கம் தார்மோ தரையில் குப்புறப் படுத்து, முகத்தை மரத்துக்குப் பக்கத்தில் வைத்து அவளைக் கூப்பிடுவான். அவள் கை வைக்கப் போகும் நேரத்தில் எலியேசர் குனிந்து தூக்கி என்னிடம் தருவார். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்க கண்ணு" என்பார். வாதுமை இலை உதிர்கிற காலம் முழுக்க இது நடந்தது.

பிறகு எலியேசர் ஓய்வு பெற்றார். போகும்போது தார்மோவோடு கைகுலுக்கக் கை நீட்டி, பாதியில் நினைவு வந்து இழுத்துக்கொண்டார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆள் இல்லாததால் எல்லை மறு உத்தரவு வரை மூடப்பட்டிருக்கிறது. லுஸ்தாரியும் இப்போது போக முடியாது. சூப்பைக்கூட வாங்கிக் கொடுக்க ஆளில்லை. ஜன்னல் கம்பிக்குள் நீளக் குழாய் விட்டு ஊற்றுகிறோம். கதவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. அது வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, தாண்டிப் பார்ப்பது. தாண்டினால் விமானம்.

நேற்று மதியம் நான் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தேன். லூமி கூடத்தில் தவழ்ந்து போனாள். "வா லூமி, வா" என்று தார்மோ அந்தப் பக்கம் முட்டிபோட்டு, கையை மரத்தின் விளிம்பு வரைக்கும் நீட்டியிருந்தான். நான் கத்தியை வைத்துவிட்டு நின்றேன். தடுக்க ஒருவரும் இல்லை. போகட்டும், இன்று போகட்டும், விமானமோ விலங்கோ வருவது வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் அவள் நின்றாள். உட்கார்ந்தாள். வலது கையைத் தூக்கி, முத்திரை விழுகிற மாதிரி தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். தலையை நிமிர்த்திக் காலி நாற்காலியைப் பார்த்தாள். அது பதிலுக்குத் தட்டவில்லை. "நான் சம்மதிக்கிறேன், லூமி" என்றான் தார்மோ. அவள் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பி என் பக்கம் தவழ்ந்து வந்துவிட்டாள்.